இரண்டு ஜோடிக் குழாய்கள்: இனப்பெருக்க உறுப்புகள் கருவில் உருவாகும் விதம்

கருத்தரித்து ஆறு வாரம் முடிந்த ஒரு கரு. உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். இதயம் துடிக்கிறது. கண் வரவேண்டிய இடம் கறுத்துத் தெரிகிறது. கைகள் துடுப்பு மாதிரி தட்டையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. இதன் வயிற்றுப் பகுதியை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் ஒருவரிடம், "இது ஆணா, பெண்ணா?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும், வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அங்கே இருப்பது இருபாலுக்கும் பொதுவான உறுப்பு அமைப்பு.

முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு சிறு மேடுகள். அவை சினைப்பையாகவும் மாறலாம், விரையாகவும் மாறலாம். பக்கத்தில் கீழ்நோக்கி ஓடும் ஒரு ஜோடிக் குழாய். அதை ஒட்டி, இப்போதுதான் மேலிருந்து வளரத் தொடங்கியிருக்கும் இன்னொரு ஜோடி. வெளியே கால்களுக்கு நடுவில் ஒரு சிறு முண்டு, அதன் அடியில் இரண்டு மடிப்புகள், அவற்றுக்கு வெளிப்புறம் இரண்டு வீக்கங்கள். பின்னால் வரப்போகும் உறுப்புகள் எல்லாம் இவற்றிலிருந்தே உருவாகின்றன.

வாரக் கணக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழப்பம் வரும். மருத்துவர்கள் கர்ப்பத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கருவியல் படிப்பவர்கள் கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு வார வித்தியாசம் உண்டு. இந்தக் கட்டுரையில் வருவது இரண்டாவது கணக்கு.

ஆணா பெண்ணா என்பது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது, தந்தையின் விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டுவந்ததா ஒய் குரோமோசோமைக் கொண்டுவந்ததா என்பதுதான் விஷயம் என்று பள்ளியில் படித்திருப்போம். அது தவறில்லை, ஆனால் கதையின் முதல் வரி மட்டும்தான் அது. 1905-ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி ஒரு வகை வண்டுப் புழுவின் செல்களைப் பார்த்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒரு குரோமோசோமில்தான் வேறுபாடு என்று காட்டினார். மனிதரில் ஒய் என்ன செய்கிறது என்பது தெளிவாக 1959 ஆயிற்று. அந்த ஆண்டில் எக்ஸ்எக்ஸ்ஒய் என மூன்று பால் குரோமோசோம்கள் உள்ளவர் ஆணாக இருப்பதும், ஒரே ஓர் எக்ஸ் மட்டும் உள்ளவர் பெண்ணாக இருப்பதும் தெரியவந்தன. அப்படியானால் எக்ஸ் எத்தனை என்பது இங்கே முக்கியமில்லை. ஒய் இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம்.

ஆனால் அந்த ஒய்யும் ஆறு வாரம் வரை இனப்பெருக்க உறுப்புகளின் வடிவத்தில் கைவைப்பதில்லை.

அதற்குள் வேறொரு வேலை நடந்து முடிந்திருக்கும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நாளைக்குச் சினைமுட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகப்போகும் செல்கள் சினைப்பையிலோ விரையிலோ பிறப்பதில்லை. மூன்றாவது வாரத்தில், அந்த உறுப்புகளுக்கான மேடுகள்கூட இன்னும் எழாதபோது, கருவின் உடலுக்கு வெளியே கருவுணவுப் பையின் சுவரில் சில பத்துச் செல்கள் தனியே தெரிகின்றன. இவற்றை முதல்நிலை இனச்செல்கள் என்கிறார்கள். மற்ற செல்கள் எல்லாம் தோல், தசை, நரம்பு என்று வேகமாகப் பொறுப்பேற்றுக்கொண்டிருக்கும் நேரம் அது. அந்தப் பரபரப்பில் சிக்காமல் இருக்கத்தான் இவை ஒதுக்கி வைக்கப்படுகின்றன என்று கருதப்படுகிறது.

அப்புறம் அவை கிளம்புகின்றன. நிஜமாகவே நகர்ந்து போகின்றன. அமீபா போல உடலை நீட்டி, இழுத்து, நீட்டி, இழுத்து, குடலின் பின்பகுதிச் சுவர் வழியாக ஏறி, குடலை முதுகோடு சேர்த்துப் பிடித்திருக்கும் சவ்வைக் கடந்து, முதுகெலும்பின் இருபுறமும் எழுந்துகொண்டிருக்கும் அந்த மேடுகளுக்கு ஐந்தாவது ஆறாவது வாரவாக்கில் வந்து சேர்கின்றன. வழியிலேயே பெருகிக்கொள்ளும் இவை, வந்து சேரும்போது ஆயிரத்தைத் தாண்டிவிடும். வழியில் உள்ள திசுக்கள் சுரக்கும் வேதிப்பொருள்கள்தான் அவற்றுக்கு வழியும் காட்டி, உயிரோடும் வைத்திருக்கின்றன. பாதை தவறிய செல் பெரும்பாலும் அங்கேயே மடிந்துவிடும். அபூர்வமாக ஏதாவது ஒன்று தப்பிப் பிழைத்தால், பல வருடம் கழித்து அதிலிருந்து கட்டி வரலாம். சினைப்பையிலும் விரையிலும் வரவேண்டிய வகைக் கட்டி நெஞ்சுக்கூட்டின் நடுவிலோ மூளையின் நடுக்கோட்டிலோ ஏன் வருகிறது என்பதற்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அத்தகைய கட்டிகள் பெரும்பாலும் உடலின் நடுக்கோட்டை ஒட்டியே இருக்கும்.

இந்தப் பயணத்தின்போதும் அது முடிந்தவுடனும் இன்னொன்றும் நடக்கிறது. தாயிடமிருந்து வந்த மரபணு எது, தந்தையிடமிருந்து வந்தது எது என்று காட்டும் வேதி அடையாளங்கள் இந்தச் செல்களில் மட்டும் அழிக்கப்படுகின்றன. பிறகு, வளரும் உடல் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதற்கேற்பப் புது அடையாளம் எழுதப்படும்.

சரி, செல்கள் வந்து சேர்ந்துவிட்டன. அந்த மேடு இப்போது எந்தப் பக்கம் போவது?

ஒய் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியருகே எஸ்ஆர்ஒய் என்றொரு மரபணு இருக்கிறது. 1990-ல் லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பேட்ஜ் இருவரின் குழுக்கள் இதைக் கண்டுபிடித்தன. அது உருவாக்கும் புரதம் வெறும் 204 அமினோ அமிலங்கள் கொண்டது, சிறியது. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட சுண்டெலிக் கருவுக்குள் இந்த மரபணு உள்ள துண்டை மட்டும் செலுத்தினார்கள். பிறந்தது விரைகளோடு கூடிய ஆண் எலி. எக்ஸ் இரண்டு இருந்ததாலும் ஒய் குரோமோசோமின் மற்ற எதுவும் இல்லாததாலும் அதற்கு விந்தணு உற்பத்தி ஆகவில்லை, ஆனால் உடல் ஆண் உடல்.

மனிதக் கருவில் எஸ்ஆர்ஒய் ஆறாவது வார முடிவில் விழித்துக்கொள்கிறது. அது செய்யும் முக்கிய வேலை, சாக்ஸ்9 என்ற இன்னொரு மரபணுவைத் தூண்டிவிடுவது. சாக்ஸ்9 ஓர் அளவைத் தாண்டிவிட்டால் பிறகு தன்னைத் தானே தூண்டிக்கொண்டு ஓடும். அந்த மேட்டிலுள்ள துணைச் செல்கள் செர்ட்டோலி செல்களாக மாறி, இனச்செல்களைச் சுற்றி வளைத்து, கயிறு கயிறாக அடுக்கிக்கொள்கின்றன. ஏழாவது வாரத்தில் அது விரை என்று அடையாளம் காணும் நிலைக்கு வந்துவிடும். இதில் நேரம் மிக முக்கியம். சுண்டெலியில் செய்த சோதனைகளில் எஸ்ஆர்ஒய் சில மணி நேரம் பிந்தினாலே போதும், அந்த உறுப்பு சினைப்பை ஆகும் பாதையில் போய்விடுகிறது.

விந்தணு உருவாகும்போது எக்ஸும் ஒய்யும் தம் நுனிகளில் சிறு துண்டுகளைப் பரிமாறிக்கொள்வது வழக்கம். எஸ்ஆர்ஒய் இருப்பது அந்த எல்லைக்குப் பக்கத்தில்தான். சில சமயம் கோடு தாண்டி இந்த மரபணுவும் எக்ஸோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். அப்போது எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட ஆண் பிறப்பார், சுமார் 20,000 ஆண்களில் ஒருவர் இப்படி. மறுபக்கம், எஸ்ஆர்ஒய் பழுதான எக்ஸ்ஒய் கரு, கருப்பையுள்ள பெண்ணாக வளரும்.

இனி அந்தக் குழாய்களுக்கு வருவோம்.

முதல் ஜோடிக்கு உல்ஃபியன் குழாய் என்று பெயர். 1759-ல், இருபத்தைந்து இருபத்தாறு வயதில், காஸ்பர் பிரீட்ரிஷ் வோல்ஃப் என்ற ஜெர்மானியர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்த பெயர். விந்தணுவுக்குள்ளோ முட்டைக்குள்ளோ முழு உடலும் குட்டியாக மடிந்து கிடக்கிறது, அது பெரிதாவதுதான் வளர்ச்சி என்று பலர் நம்பிய காலம் அது. இல்லை, உறுப்பே இல்லாத பொருளிலிருந்து உறுப்புகள் புதிதாக உருவாகின்றன என்றார் அவர். இரண்டாவது ஜோடியின் பெயர் முல்லேரியன் குழாய். 1830-ல் அதை விவரித்த யோஹன்னஸ் முல்லரின் பெயர்.

உல்ஃபியன் குழாய் முதலில் இனப்பெருக்கத்துக்காகப் போடப்பட்டதே அல்ல. அது சிறுநீரகத்தின் வடிகால். கருவுக்கு வரிசையாக மூன்று சிறுநீரகங்கள் தோன்றுகின்றன. முதலாவது வந்த சுவடு தெரியாமல் மறைகிறது. இரண்டாவது சில வாரம் கொஞ்சம் வேலை செய்கிறது. மூன்றாவதுதான் நாம் வாழ்நாள் முழுக்க வைத்திருப்பது. இரண்டாவது சிறுநீரகம் ஓய்ந்த பிறகு அதன் வடிகால் சும்மா கிடக்கும் அல்லவா, ஆண் உடல் அதை எடுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. விரையின் முதுகில் சுருண்டு கிடக்கும் எபிடிடைமிஸ், அங்கிருந்து கிளம்பும் விந்துக்குழாய், விந்துப்பை எல்லாம் அந்தப் பழைய கழிவுக் குழாயின் மறுபிறவி.

முல்லேரியன் குழாயின் மேல்பகுதி கருக்குழாயாகிறது. கீழ்ப்பகுதியில் வலது இடது இரண்டும் நடுவில் வந்து ஒட்டி ஒரே அறையாகின்றன. அதுதான் கருப்பை. யோனியின் மேற்பகுதியும் அதிலிருந்து வருவதே. இரண்டு குழாய்களின் சுவர்கள் ஒட்டிய இடத்தில் நடுவே ஒரு தடுப்பு நிற்கும். பின்வரும் வாரங்களில் அது கரைந்து போகவேண்டும். ஒட்டுவது பாதியில் நின்றால் கருப்பை இதய வடிவில் இரண்டு கொம்போடு இருக்கும். ஒட்டவே இல்லையென்றால் இரண்டு தனித்தனிக் கருப்பைகள். ஒட்டி, தடுப்பு மட்டும் கரையாமல் நின்றால் உள்ளே ஒரு சுவர். இப்படி ஏதாவது ஒரு மாறுதல் 100 பெண்களில் சுமார் 5 பேருக்கு இருக்கிறது. பலருக்குத் தெரியாமலேயே காலம் ஓடிவிடும், சிலருக்கு மட்டும் அடுத்தடுத்துக் கருச்சிதைவு வந்த பிறகு ஸ்கேனில் தெரியும். இரண்டு குழாய்களுமே சரியாக வளராவிட்டால் கருப்பை இருக்காது. சினைப்பை நன்றாக வேலை செய்யும், உடல் வளர்ச்சி சரியாக இருக்கும், மாதவிடாய் மட்டும் வராது. சுமார் 5,000 பெண்களில் ஒருவருக்கு இந்த நிலை.

இதில் நடைமுறைக்கு உதவும் ஒரு நுணுக்கம் உண்டு. முல்லேரியன் குழாய் தானாக வழி கண்டுபிடித்துக் கீழே வருவதில்லை. முன்பே இருக்கும் உல்ஃபியன் குழாயைத் தொட்டுக்கொண்டு, அதையே கைப்பிடிச் சுவராக வைத்து இறங்குகிறது. நிரந்தரச் சிறுநீரகமும் அந்த உல்ஃபியன் குழாயிலிருந்து கிளைக்கும் ஒரு மொட்டின் தூண்டுதலால்தான் உருவாகிறது. ஆக ஒரு பக்கத்து உல்ஃபியன் குழாய் ஆரம்பத்திலேயே பழுதானால், அந்தப் பக்கத்துச் சிறுநீரகமும் போகும், கருப்பையின் அந்தப் பாதியும் போகும். ஒரே சிறுநீரகத்தோடு பிறந்த பெண் குழந்தைக்குக் கருப்பையையும் ஒருமுறை பார்த்துவிடுவதும், அரைக் கருப்பை இருக்கும் பெண்ணுக்குச் சிறுநீரகத்தை ஸ்கேன் செய்வதும் இதனால்தான்.

எந்தக் குழாய் நிற்கும், எது போகும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? முதல் துப்பு மாட்டுத் தொழுவத்திலிருந்து கிடைத்தது. பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று காளையாகவும் மற்றது கிடாரியாகவும் இருந்தால், அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை பிடிக்காது. மாடு வளர்ப்பவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த விஷயம். 1916-ல் ஃபிராங்க் லில்லி என்ற அமெரிக்கர் அதற்குக் காரணம் சொன்னார். இரண்டு கன்றுகளின் நச்சுக்கொடி ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன, காளைக் கன்றின் உடலில் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தம் வழியாகப் போய்ப் பெண் கன்றின் உறுப்புகளைத் தடுக்கிறது என்றார். அது என்ன பொருள் என்று அன்று தெரியாது.

1947-ல் பாரிஸில் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் செய்த சோதனை இந்தத் துறையையே மாற்றியது. தாய் முயலின் வயிற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் கருக்களின் விரையையோ சினைப்பையையோ அகற்றிவிட்டு, மறுபடி மூடி, கர்ப்பத்தைத் தொடரவிட்டார். விரல் நுனியளவு கருவில் அறுவைசிகிச்சை, அதுவும் அந்தக் காலக் கருவிகளை வைத்துக்கொண்டு. சினைப்பையை எடுத்த பெண் கருக்கள் வழக்கம்போல் பெண் குழாய்களோடு வளர்ந்தன. விரையை எடுத்த ஆண் கருக்களும் கருப்பை, கருக்குழாயோடு வளர்ந்தன. அடுத்து, விரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் படிகத்தை வைத்துப் பார்த்தார். உல்ஃபியன் குழாய் தழைத்தது, ஆனால் முல்லேரியன் குழாயும் போகாமல் அப்படியே நின்றது. அப்படியானால் விரையிலிருந்து வருவது ஒன்றல்ல, இரண்டு. வளர்ப்பதற்கு ஒன்று, அழிப்பதற்கு வேறொன்று.

அந்த இரண்டாவது ஹார்மோனின் இன்றைய பெயர் ஏஎம்எச். முல்லேரியன் குழாயை எதிர்க்கும் ஹார்மோன் என்று பொருள். குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் பெண்களுக்கு இந்தப் பெயர் மனப்பாடமாக இருக்கும். சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்று கணிக்க ரத்தத்தில் அளக்கிறார்களே, அதே ஏஎம்எச்தான். ஆண் கருவில் செர்ட்டோலி செல்கள் சுரக்கும் ஹார்மோன் எப்படி வளர்ந்த பெண்ணின் ரத்தத்தில் வந்தது? செர்ட்டோலி செல்லும், சினைமுட்டையைச் சுற்றியிருக்கும் செல்லும் உடன்பிறப்புகள். அந்தப் பொது மேட்டில் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பெண்ணில் அது சுரக்க ஆரம்பிக்கும்போது கருப்பை உருவாகி முடிந்திருக்கும், அதனால் கருப்பைக்கு ஆபத்தில்லை.

ஆண் கருவில் எட்டாவது வாரம் ஏஎம்எச் வேலையைத் தொடங்க, சில வாரங்களில் முல்லேரியன் குழாய் கரைந்துபோகிறது. அதே நேரத்தில் விரையிலுள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அவற்றை முதலில் தூண்டுவது கருவின் சொந்த மூளை அல்ல, நச்சுக்கொடியிலிருந்து வரும் எச்சிஜி. கர்ப்பமா என்று வீட்டில் பார்க்கும் பட்டையில் கோடு போடுகிறதே, அதே ஹார்மோன். ஒவ்வொரு விரையும் பெரும்பாலும் தன் பக்கத்துக் குழாயை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. ஒரு பக்கம் விரையும் மறுபக்கம் சினைப்பையும் அமைந்தவருக்கு ஒரு பாதியில் விந்துக்குழாயும் மறுபாதியில் கருக்குழாயும் இருப்பது அதனால்தான்.

ஜோஸ்ட்டின் முடிவிலிருந்து ஒரு வாசகம் பிறந்து பாடநூல் பாடநூலாகப் பரவியது: "ஒன்றும் செய்யாமல் விட்டால் பெண், ஏதாவது செய்தால் ஆண்." கேட்க எளிமையாக இருக்கிறது, இன்றும் பல இடங்களில் இப்படியே சொல்லித் தருகிறார்கள். எனக்கு இந்த வாசகத்தோடு உடன்பாடில்லை, இதை விட்டுவிட வேண்டும் என்றே நினைக்கிறேன். ஜோஸ்ட் காட்டியது, பெண்ணின் குழாய்கள் வளரச் சினைப்பையின் ஹார்மோன் தேவையில்லை என்பதை மட்டும்தான். பெண் உடல் உருவாக ஒரு வேலையும் நடப்பதில்லை என்று அதற்குப் பொருள் அல்ல.

சினைப்பை உருவாக ஆர்ஸ்போ1, டபிள்யூஎன்டி4 முதலிய மரபணுக்கள் ஒழுங்காக வேலை செய்யவேண்டும். 2006-ல் ஓர் இத்தாலியக் குடும்பத்தில், எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் கொண்ட, எஸ்ஆர்ஒய் துளியும் இல்லாத சகோதரர்கள் ஆண்களாக இருப்பது ஏன் என்று தெரியவந்தது. அவர்களுக்கு ஆர்ஸ்போ1 பழுது. ஆணாக்கும் சுவிட்ச் இல்லாமலேயே விரை உருவாகியிருக்கிறது, சினைப்பைப் பக்கம் இழுக்கும் கை இல்லாததால். 2009-ல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. முழுதாக வளர்ந்த பெண் சுண்டெலியின் சினைப்பையில் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவை நிறுத்தினார்கள், அங்கிருந்த செல்கள் செர்ட்டோலி செல்களைப் போல மாறத் தொடங்கின. அதாவது சினைப்பை ஒருமுறை உருவாகிவிட்டால் போதாது, வளர்ந்த பிறகும் தன்னைச் சினைப்பையாக வைத்துக்கொள்ள அது உழைத்துக்கொண்டே இருக்கிறது.

குழாய்களிலும் இதே கதைதான். பெண் கருவில் டெஸ்டோஸ்டிரோன் இல்லாததால் உல்ஃபியன் குழாய் தானாக வாடிப்போகிறது என்று பல பத்தாண்டுகளாக நம்பியிருந்தார்கள். 2017-ல் சுண்டெலியில் பார்த்தபோது, அதை அழிக்க ஒரு தனிப் புரதமே வேலை செய்வது தெரிந்தது. அந்தப் புரதத்தை நீக்கினால், டெஸ்டோஸ்டிரோன் இல்லாத பெண் எலியிலும் உல்ஃபியன் குழாய் நின்றுவிடுகிறது. ஆக இரண்டு பக்கமும் கட்டுவதும் இருக்கிறது, இடிப்பதும் இருக்கிறது.

இடித்ததில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பெண்ணின் யோனிச் சுவரில் சில சமயம் வரும் தீங்கற்ற நீர்க்கட்டி, உல்ஃபியன் குழாயின் மீதமான துண்டிலிருந்து வருவது. ஆணின் விரை உச்சியில் பயறு அளவுக்கு ஒரு சிறு தொங்கல் இருக்கும், அது முல்லேரியன் குழாயின் மிச்சம். சிறுவர்களுக்கு அது முறுக்கிக்கொண்டு கடுமையான வலி தருவதும் உண்டு.

வெளியுறுப்புகளில் நடப்பது எளிமையானது, கண்ணால் பார்க்கக்கூடியதும்கூட. நடுவிலுள்ள முண்டு ஆணில் ஆண்குறியின் நுனியும் தண்டுமாகிறது, பெண்ணில் கிளிட்டோரிஸ் ஆகிறது. மடிப்புகள் ஆணில் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறுநீர்த் தாரையை மூடுகின்றன, பெண்ணில் ஒட்டாமல் உள்ளிதழ்களாகின்றன. வெளி வீக்கங்கள் ஆணில் நடுவில் சேர்ந்து விரைப்பையாகின்றன, பெண்ணில் வெளியிதழ்களாகின்றன. ஒன்பதாவது வாரம் வரை வேறுபாடு தெரியாது, பன்னிரண்டாவது வாரவாக்கில் தெரியும். ஒட்டிய அடையாளம் ஒவ்வொரு ஆணின் உடலிலும் இன்றும் இருக்கிறது. விரைப்பையின் நடுவே, ஆண்குறியின் அடிப்பக்கம் வரை, துணியில் தையல் போட்ட மாதிரி மெல்லிதாக ஒரு கோடு ஓடும். கரு மூன்று மாதமாக இருந்தபோது இரு பக்கமும் வந்து சேர்ந்த இடம் அது. ஒட்டும் வேலை நுனிவரை போய்ச் சேராமல் நின்றுவிட்டால் சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் திறக்கும். சுமார் 300 ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி அமைகிறது. அப்படிப் பிறந்த குழந்தைக்கு முன்தோலை நீக்கிவிடக் கூடாது, பின்னால் சரிசெய்யும் அறுவைசிகிச்சைக்கு அந்தத் தோல் தேவைப்படலாம்.

வெளியுறுப்பு ஆணாக மாற டெஸ்டோஸ்டிரோன் மட்டும் போதாது. அங்கிருக்கும் திசு அதை ஒரு நொதியால் இன்னும் வலுவான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றிக்கொள்ள வேண்டும். டொமினிக்கன் குடியரசின் சலினாஸ் என்ற ஊரில் இந்த நொதி குறைவான பல குடும்பங்கள் இருப்பதை 1974-ல் ஜூலியன் இம்பெராட்டோ-மெக்கின்லியின் குழு விவரித்தது. எக்ஸ்ஒய் குரோமோசோமும் விரையும் இருந்தும் அந்தக் குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தெரிந்தன. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகியதும் குரல் தடித்தது, தசை கூடியது, ஆண்குறி வளர்ந்தது. ஆனால் அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வாழ்நாள் முழுக்கச் சிறியதாகவே இருந்தது. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரை அந்த நொதியைத் தடுப்பதுதான், அதற்கான யோசனை வந்தது இங்கிருந்து.

ஏஎம்எச் ஒரு பாதை, டெஸ்டோஸ்டிரோன் இன்னொரு பாதை என்பது புரிந்துவிட்டால், குழப்பமாகத் தோன்றும் பல நிலைகள் தெளிவாகிவிடும். எக்ஸ்ஒய் குரோமோசோம் உள்ள ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஏற்பி வேலை செய்யவில்லை என்று வையுங்கள். விரை உண்டு, டெஸ்டோஸ்டிரோனும் நிறையச் சுரக்கிறது, ஆனால் எந்தத் திசுவுக்கும் அது கேட்கவில்லை. வெளியுறுப்பு பெண்ணுடையது. ஏஎம்எச் மட்டும் தன் வேலையைச் செய்துவிட்டதால் கருப்பை இல்லை. பெண்ணாகவே வளர்ந்து, மாதவிடாய் வரவில்லையே என்று மருத்துவரிடம் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

மறுபக்கம், எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள பெண் கருவில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு ஒரு நொதி குறைந்து, அது சுரக்கவேண்டிய கார்டிசோல் என்ற ஹார்மோனுக்குப் பதில் ஆண் ஹார்மோன்கள் பெருகலாம். சுமார் 15,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்த நொதிக் குறைபாடு உண்டு. அந்தப் பெண் குழந்தையின் வெளியுறுப்பு ஆணுடையது போலத் தடித்திருக்கும். ஆனால் விரை இல்லை, ஏஎம்எச் இல்லை, அதனால் உள்ளே கருப்பையும் சினைப்பையும் முழுதாக இருக்கும். இங்கே ஓர் அவசரம் உண்டு. இவர்களில் பலருக்கு உடலில் உப்பு நிற்காமல் பிறந்த இரண்டு வாரத்துக்குள் வாந்தி, சோர்வு, மயக்கம் என்று உயிருக்கே ஆபத்து வரலாம். குழந்தையின் உறுப்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சந்தேகம் வந்தால், பெற்றோர் வெட்கப்பட்டோ பயந்தோ மறைக்காமல் அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். தாய் சாப்பிட்டதாலோ, பார்த்ததாலோ, நினைத்ததாலோ இது வருவதில்லை. ஒரு நொதியின் மரபணு இரு பெற்றோரிடமிருந்தும் பழுதாக வந்திருக்கிறது. ஹார்மோன் மருந்து கொடுத்தால் குழந்தை நன்றாக வளரும்.

விரை பிறந்த இடம் வயிற்றின் உள்ளே, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து கீழே இறங்கவேண்டும், ஏனென்றால் விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கவேண்டும். ஒரு தசைநார்க் கயிறு அதை இடுப்படியில் கட்டிப் பிடிக்க, ஏழாவது மாதவாக்கில் தொடையிடுக்கு வழியாக இறங்கி, பிறப்பதற்குச் சில வாரம் முன்பு விரைப்பைக்குள் வருகிறது. தன் ரத்தக்குழாயையும் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் சிறுநீரகக் கல் வலி விரையில் உறைக்கிறது. வந்த வழி சரியாக மூடாவிட்டால் குடலிறக்கம் வரும். பெண்ணிலும் அதே கயிறு உண்டு. கருப்பையிலிருந்து தொடையிடுக்கு வழியாக வெளியிதழ் வரை போகும் உருண்டைத் தசைநாராக அது நிற்கிறது. கர்ப்பிணிகளுக்குச் சட்டென்று எழும்போது அடிவயிற்றின் ஓரம் சுருக்கென்று இழுக்கிறதே, பெரும்பாலும் அந்த நார்தான்.

நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் 100-க்கு சுமார் 3 பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் இருக்கும், குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கிவிடும். ஆறு மாதம் கடந்தும் வராவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. ஒன்றரை வயதுக்குள் அறுவைசிகிச்சை செய்து இறக்கிவிட்டால் பின்னாளில் மலட்டுத்தன்மைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள வாய்ப்பு குறைகிறது.

கடைசியாக, அந்த இனச்செல்களிடம் திரும்புவோம். விரைக்குள் போனவை அடங்கிக் கிடந்து, பருவ வயதில்தான் விந்தணுவாகும் வேலையைத் தொடங்கும். சினைப்பைக்குள் போனவை காத்திருப்பதில்லை. பிரிந்து பிரிந்து, ஐந்தாவது மாதத்தில் சுமார் 70 லட்சத்தை எட்டுகின்றன. 1963-ல் டி.ஜி. பேக்கர் என்பவர் பெண் கருக்களின் சினைப்பைகளைச் சீவி எண்ணிப் பார்த்துக் கண்ட கணக்கு அது. அதன் பிறகு ஏறுமுகமே இல்லை. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பருவமடையும்போது 3 முதல் 4 லட்சம். அதில் முட்டையாக வெளிவருவது வாழ்நாளில் 400 அல்லது 500.

அந்தச் செல்கள் ஒவ்வொன்றும் குரோமோசோமைப் பாதியாக்கும் பிரிதலைத் தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிட்டு, நடுவில் நிறுத்திவிடுகின்றன. ஜோடி ஜோடியாகப் பிடித்துக்கொண்ட குரோமோசோம்கள் அப்படியே 15, 30, 40 வருடம் நிற்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதக் கண்ணிகள் வருடம் போகப் போகத் தளர்கின்றன, தாயின் வயது கூடும்போது டவுன் நோய்க்குறி போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகள் அதிகமாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். முட்டை வெளிவரச் சில மணி நேரம் முன்புதான் நின்ற பிரிதல் மறுபடி நகர்கிறது. அதுவும் முடிவதில்லை, இன்னொரு படியில் போய் நிற்கிறது. விந்தணு ஒன்று உள்ளே நுழைந்த பிறகே அந்தப் பிரிதல் முழுதாக முடிகிறது.